ஊதிக் கொடுத்த சில்லுகள்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மழை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. லேசரைச் சூடேற்றி வைத்த அரை மணி நேரம் வீண்.

புதுப் பெட்டியிலிருந்து வெள்ளி பூசிய ஒரு சில்லை எடுத்து, மேலே எதுவும் வைக்காமல், வெறுமனே அளந்தேன். வெறும் சில்லுக்கு வெறும் கோடுதான் வர வேண்டும். ஆனால் கிராஃபில் 2110 என்ற இடத்தில் ஒரு பீக், கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. போன பெட்டியிலும் இதே இடம். அதற்கு முந்தின பெட்டியிலும். என்ன சனியன் இது?

பெட்டி நேற்று என் கணவர் ஜெரால்டோடு கப்பலில் வந்தது. கூரியரில் வந்தவை எங்கெங்கோ கிடந்து வெள்ளி கறுத்துப்போன பிறகு, சென்னையில் சில்லு செய்யும் நந்தகுமார் இவர் கையில்தான் கொடுத்துவிடுகிறான். எஞ்சின் ரூம் ஆளுக்கு இது கூடுதல் டியூட்டி. மூன்று நாள் கடல், பிறகு என் மேஜை. கூடவே ஐந்து கிலோ சின்ன வெங்காயம். "இங்க விக்கிறதெல்லாம் ஒரு வெங்காயமா ஆக்சி?" என்று, இந்தத் தீவுக்கு மெயின்லேண்டையே தோளில் சுமந்து வந்த மாதிரி என்னிடம் ஒரு பேச்சு.

இப்போது சோபாவில் குறட்டை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே என் தலையில் கை வைத்து, இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷன். தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஜெரால்ட் மேல் கர்வமே உண்டு.

ஜூன் 13, வெள்ளி

திருநாவுக்கரசு சார் என் கிராஃபைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர்; நல்லவர், ஆனால் சீக்கிரம் பதறிவிடுவார்.

"சயனைடும் இந்தப் பக்கம்தானேம்மா வரும்? எவனாவது பவளப்பாறையில சயனைடு தெளிச்சு மீன் புடிக்கிறானா?"

"சார், இது மீனே வைக்காத சில்லு."

"அப்ப சில்லே கெட்டதுன்னு அர்த்தம். கெட்ட சில்ல வச்சுக்கிட்டு நான் எதுல கையெழுத்துப் போடறது?"

நியாயமான கேள்வி. மெயின்லேண்டிலிருந்து ஐஸ் பெட்டியில் ரோகு மீன் வருகிறது. குளத்திலேயே சில பேர் அதற்கு ஒரு பச்சைச் சாயத்தை மருந்தாகப் போடுகிறார்கள். தடை செய்த சாயம், உடம்புக்கு ஆகாது. இப்போது மாதிரியை சென்னைக்கு அனுப்பிப் பதில் வருவதற்குள் மீனைத் தின்று முள்ளையும் துப்பியிருப்பார்கள். என் முறைப்படி கப்பல் துறை ஜெட்டியிலேயே பத்து நிமிஷம் போதும். இரண்டு வருஷ உழைப்பு. இந்த 2110 குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 14, சனி

கப்பல் கிளம்பிவிட்டது. அவர் தலையணையை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்று: ஆபீஸ்காரர் ஒருவர் சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று சில்லுகள் கொண்டுவந்தார். சுத்தம். 2110 இல்லை.

இரண்டு: அப்படியானால் கடல் காற்றுதான் என்று நினைத்து, பத்துபஸ்தியில் எங்கள் வீட்டு ஜன்னலில் துணி மாட்டும் கிளிப்பில் ஒரு சில்லைத் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் பழைய கொலுசு மாதிரி கறுத்துவிட்டது. அதிலும் 2110 இல்லை.

ஆக, காற்று இல்லை; கப்பலில் வேறு ஏதோ இருக்கிறது. நந்தகுமாரை ஃபோனில் பிடித்தேன். பெட்டியை மூடுவதற்கு முன் அளந்ததாகவும், கோடு சுத்தமாக இருந்ததாகவும் அடித்துச் சொல்கிறான். பிறகு வழக்கமான பாடம்: "மேடம், சில்லு மேல இருக்கறது வெள்ளி மணிங்க. ரெண்டு மணிக்கு நடுவுல இருக்கற இடுக்குலதான் லேசர் வெளிச்சம் போய்க் குவியும். அந்த இடுக்குல எது உக்காந்திருக்கோ அதோட குரல் லட்சம் மடங்கு பெருசாக் கேக்கும். மணி ரெண்டும் ஒட்டிக்கிட்டாலும் போச்சு, கொஞ்சம் தள்ளிப்போனாலும் போச்சு. உங்க சில்லுல யாரோ முன்னாடியே வந்து சீட்டுப் புடிச்சு உக்காந்துட்டாங்க."

யார் என்பதுதானே கேள்வி.

ஜெரால்ட் நடுக்கடலில். சிக்னல் இல்லை. இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார். சொல்ல ஆள் இல்லை.

ஜூலை 3, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

2110 பற்றித் தேடிக்கொண்டே போனதில் தயோசயனேட் என்ற பெயர் வந்து நின்றது. மனிதர் எச்சிலில் இருப்பது. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. புகை பிடிக்கிறவர்களுக்குப் பல மடங்கு. வெள்ளியைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

என்னோடு வேலை பார்க்கும் ரூபாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விமானத்தில் வந்த சில்லில் ஒரு துண்டில் அவள் எச்சில், ஒரு துண்டில் என்னுடையது. அவளுக்கு அந்த 2110 பீக்கின் உயரம் 280. எனக்கு 310. எதிரே டீக்கடை வெள்ளைச்சாமி அண்ணன் வாயிலிருந்து பீடி இறங்கி நான் பார்த்ததில்லை; அவரிடமும் போய்க் கேட்டோம்.

"எச்சிலா? என்னம்மா, சூனியம் கீனியம் வைக்கப் போறீங்களா?"

அவருக்கு 4200.

"தீதி! யே தோ பீடிவாலா பீக் ஹை!" என்று ரூபா கைதட்டினாள். அக்கா, இது பீடிக்காரர் பீக் என்கிறாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி ஞாபகம் வந்தது. நந்தகுமாரின் கைக்கும் என் மேஜைக்கும் நடுவில் அந்தப் பெட்டி ஒரே ஒரு ஆளிடம்தானே இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

நாளைக்குக் கப்பல். கேட்காமல் விட்டுவிடலாமா? என்னால் முடியாது. எனக்குத் தெரியும் என்னால் முடியாது.

ஜூலை 5, சனி

கப்பல் வந்து நிற்கும் ஹாடோ ஜெட்டிக்கு கிராஃபை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டும் வின்சென்ட்டும் சேர்ந்து வந்தார்கள். வின்சென்ட் எங்கள் தூத்துக்குடிப் பக்கம்தான், ஒரே எஞ்சின் ரூம். ஜெரால்டின் கையில் பெட்டி. என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

"பெட்டியத் திறந்தீங்களா?"

"ஆமா. ஈரம் இழுக்கிற அந்த ஜெல் கலர் மாறுச்சுன்னா மாத்தணும்னு நந்தகுமார் சொன்னாருல்லா."

"திறந்து?"

"உப்புக் காத்துல்லா ஆக்சி. ஒவ்வொண்ணா எடுத்து ஊதி ஊதி வச்சேன். எஞ்சின் ரூம்ல எந்தச் சாமானையும் ஊதாம அடுத்தவன் கையில குடுக்க மாட்டோம்." பெருமையாகச் சொன்னார்.

நான் கவரை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். "இது உங்க எச்சில். இதுல சிகரெட் இருக்கு."

வின்சென்ட் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஜெரால்ட் மறுக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மெஷினைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். "மூணு மாசமாத்தான்" என்றார். மெதுவாக.

அப்புறம் நான் என்னவெல்லாம் கத்தினேன்? என் தலையில் கை வைத்தீர்களே, நான் செத்தாலும் பரவாயில்லையா என்றேன். அது போகட்டும், கோபம். ஆனால் கடைசியாகச் சொன்னது: "இனிமே உங்க வாயில வர்ற எதையும் மெஷின்ல வச்சுப் பாத்துத்தான் நம்பணும்."

கூலிக்காரர்கள்வரை நின்று பார்த்தார்கள். அவர் பெட்டியை என் கையில் கொடுத்தார். "சரி" என்றார். வந்த ஏணியிலேயே திரும்பி ஏறிப் போய்விட்டார்.

பயம்தான் கத்தியது. அது ஜெரால்டுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். அவர் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மீன் குழம்பு இரண்டு பேருக்கு வைத்துத் தொலைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கப்பல் போய்விட்டது. எனக்கு ஒரு ஃபோன்கூட இல்லை. நானும் பண்ணவில்லை. திமிர் ரெண்டு பேருக்கும் சரிபாதி.

ஜூலை 22, செவ்வாய்

கப்பல் வந்திருக்கிறது. சங்கு ஊதியபோது கையில் பிப்பெட். ஒரு சொட்டு கீழே விழுந்தது. மத்தியானம் வின்சென்ட் மட்டும் பெட்டியோடு ஆய்வகத்துக்கு வந்தார்.

"எங்க அவர்?"

"கப்பல்லதான் மதினி. டியூட்டின்னான்." டியூட்டி இல்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

பத்துச் சில்லையும் அளந்தேன். பத்தும் சுத்தம். கோடு சமமாக, வழவழவென்று. 2110 இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பெட்டிக்குள் ஜெல் புதிது, நீலமாக இருந்தது, அதை மாற்றியிருக்கிறார். ஆனால் ஊதவில்லை.

சார் வந்து பார்த்து, "அருமைம்மா, அருமை!" என்று தட்டிக்கொடுத்தார். இந்த ஒரு கோட்டுக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 24, வியாழன்

ஹாடோவுக்கும் பத்துபஸ்திக்கும் நாலு கிலோமீட்டர் இருக்குமா? ஆட்டோவில் பத்து நிமிஷம். ஜெரால்ட் அங்கே படுத்திருக்கிறார், நான் இங்கே படுத்திருக்கிறேன். என்ன குடித்தனம் இது.

ஆகஸ்ட் 9, சனி

பெட்டியில் பத்துக்குப் பதில் பதினோரு சில்லு. பதினோராவது, நந்தகுமாரிடம் கேட்டு வாங்கியிருப்பார், தனியாக, பிஸ்கட் பாக்கெட்டின் பளபளக் காகிதத்தில் மடித்து. மேலே ஒட்டிய தாளில் அவருடைய கோழிக்கிறுக்கல்: "ஆகஸ்ட் 7. ஜெரால்ட்."

கடிதம் இல்லை. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. சில்லின் நடுவில் காய்ந்துபோன ஒரு வட்டம்.

ரொம்ப நேரம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மெஷினில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்று நான் சொன்னேன் அல்லவா, அந்த மனுஷன் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்!

அளந்தேன். 3900. இன்னும் சிகரெட் குடிக்கிறார். குடிக்கிறேன் என்று எச்சிலைத் துப்பி அனுப்புகிறார். கோபப்படுவதா, என்ன செய்வது என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வின்சென்ட்டிடம் ஒரு சொட்டுக்குழாய் கொடுத்துவிட்டேன், ஒரு துண்டுச் சீட்டோடு. நாலு முறை எழுதிக் கிழித்தேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை இருக்கிறதா, வீட்டுக்கு வாருங்கள் — எல்லாம் எழுதினேன், எல்லாம் கிழித்தேன். கடைசியில் போனது: "ஒரு சொட்டு போதும். காலையில், பல் தேய்க்கும் முன்."

இப்படி ஒரு பொண்டாட்டி.

ஆகஸ்ட் 27, புதன்

ஒரே சொட்டு. அழகான வட்டம். உயரம் 2100.

பாதி! என்னையறியாமல் "அப்பாடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ரூபா திரும்பிப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கப்பல் காலையில் வந்தது. ஞாயிறு என்றாலும் ஆய்வகத்தைத் திறந்து அளந்தேன். 900. பூசை முடிந்து அப்படியே ஹாடோவுக்குப் போனேன். ஜெட்டி கேட்வரை. மேல் தளத்துக் கம்பியில் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த சட்டை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் உள்ளே போகவில்லை? தெரியவில்லை. அவரே வர வேண்டும் என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை போல.

அக்டோபர் 4, சனி

சார் என் முறைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி ஜெட்டியிலேயே மீனைப் பார்க்கலாம். ஆய்வகம் முழுக்க லட்டு. ஒரு லட்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்துவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். யாருக்கென்று வைத்தேன்?

புதுச் சில்லு: 520.

அக்டோபர் 25, சனி

330! ரூபாவுக்கும் எனக்கும் வருகிற மாதிரி, சாதாரண மனுஷ எச்சில்.

வின்சென்ட் போகாமல் நின்றார். "மதினி, இப்ப நம்புதியான்னு கேட்டுட்டு வரச் சொன்னான். நம்புதேன்னு நீ சொன்னா இப்பவே இறங்கி வந்துருவான்."

ஒரே ஒரு சொல். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "மெஷின் நம்புதுன்னு சொல்லுங்க."

வின்சென்ட் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். வரவில்லை. எப்படி வருவார்?

நவம்பர் 6, வியாழன், மாயாபந்தர்

மீன் மாதிரி எடுக்க வந்திருக்கிறோம். ரூபாவுக்கு இது சொந்த ஊர். அவள் அம்மா சோறும் மீனும் போட்டுத் திணறடித்தாள். ஜெட்டியில் உட்கார்ந்திருந்தபோது அந்த 330 கதை முழுக்க ரூபாவிடம் கொட்டிவிட்டேன். அவள் யோசித்து, மனதில் ஒன்றும் இல்லாமல்தான், கேட்டாள்: "தீதி, வோ தாதா கா ஹி ஹை நா? கோயி பீ தூக் சக்தா ஹை." அது அவருடையதுதானா, யார் வேண்டுமானாலும் துப்பியிருக்கலாமே என்கிறாள்.

வின்சென்ட் சிகரெட் தொடாதவர்.

சீ! அப்படிச் செய்வாரா? மாட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் ஒளித்தார் என்பதும் உண்மைதானே. கிராஃபில் பெயர் எழுதியிருக்காது. யாருடைய எச்சில் என்று மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எவ்வளவு என்பது மட்டும்.

அவர் பொய் சொல்லும்போது நம்பினேன். இப்போது உண்மை சொல்கிறாரோ என்னவோ, நம்பத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஜெரால்ட், ஒரு தடவை வந்து என் எதிரே உட்காருங்கள். போதும். நான் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 24, திங்கள்

புயல். கப்பல் இரண்டு நாள் தாமதம் என்கிறார்கள். எஞ்சின் கோளாறு என்றும் ஒரு பேச்சு. கப்பல் ஆபீஸுக்கு ஃபோன் அடித்தால் "சேஃப் ஹை மேடம், சேஃப் ஹை" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மாதாவே, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு. சிகரெட் குடித்தாலும் பரவாயில்லை. பொய் சொன்னாலும் பரவாயில்லை. மூச்சோடு வந்தால் போதும்.

நவம்பர் 28, வெள்ளி

விடிந்ததும் சங்குச் சத்தம்.

பத்து மணிக்கு வின்சென்ட் வந்தார், தாடியும் கண் வீக்கமுமாக. பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்று, பதினாறு மணி நேரம் கப்பல் அலையில் உருண்டதாம். ஜெரால்ட் கீழேயே இருந்து வேலை பார்த்தாராம்.

பதினோராவது சில்லு இருந்தது. இந்த முறை பிஸ்கட் காகிதம் இல்லை. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதம். எதையும் அளப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்தேன். 1740.

காகிதத்தின் உள்பக்கம் எழுத்து. முதல் முறையாகப் பெயருக்கும் தேதிக்கும் மேலே எழுதியிருக்கிறார்:

"ஆக்சி, நாலு நாளா குடிச்சேன். கப்பல் நின்னதுல இருந்து. நான் செத்தா உன்கிட்ட யாரு சொல்வான்னு நெனச்சி பயந்துட்டேன். வின்சென்ட் வாயில இருந்து ஒரு சொட்டு வாங்கி வச்சிரலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். வைக்கல. இது என்னோடதுதான். இவ்வளவு நாளும் என்னோடதுதான்."

சார் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. ரூபா கிராஃபை எட்டிப் பார்த்து, "ஹாய், ஃபிர் சே பட் கயா!" என்று முகம் வாடினாள். மறுபடி ஏறிவிட்டது என்று அவளுக்கு வருத்தம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன். 330 வந்த நாளில் வராத நம்பிக்கை இந்த 1740-இல் வந்து நிற்கிறது. வேறு எவன் இதைத் துப்பி அனுப்புவான்?

ஆட்டோ பிடித்தேன். கேட்டில் நிற்கவில்லை. ஏணிக்குக் கீழே ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். எண்ணெய்க் கறுப்பு நகமெல்லாம்.

"அளந்தியா?"

"அளந்தேன்."

"ரொம்ப இருக்கா?"

"இருக்கு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நெஞ்சையும் பாக்கணும், இதுக்கும் மருந்து கேக்கணும். நான் கூட வர்றேன்."

"சரி" என்றார். அதே சரி. ஆனால் எழுந்துகொண்டார்.

"நான் அன்னைக்குச் சொன்னது—"

"உடு. வீட்டுல சாப்பாடு இருக்கா?"

இல்லை. ஆட்டோவை வழியில் நிறுத்தி மீன் வாங்கினோம்.

டிசம்பர் 1, திங்கள்

மழை விட்டிருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், நெஞ்சு பரவாயில்லை என்றார். நேற்று முழுக்க ஒரு சிகரெட்கூடக் குடிக்கவில்லை என்று ஜெரால்ட் சொன்னார். சரி என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெட்டி வேலைக்குக் கிளம்பும்போது என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். மேஜை அடியிலிருந்து அவர்தான் எடுத்தார். பழக்கத்தில் இரண்டு பக்கமும் ஊதினார். ஊதிவிட்டு, திருடன் மாதிரி என்னைப் பார்த்தார். வேஷ்டி முனையைத் தேடி அவசரமாகத் துடைக்கப் போனார்.

"துடைக்க வேண்டாம், குடுங்க" என்று வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டேன். ஜெட்டிவரை கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.